பந்தியும் பிரமாணமும்: கொச்சிக் கரையில் கிருபைக் கோட்பாடு

மனிதன் மீட்படைவது கடவுள் இலவசமாகத் தரும் கிருபையாலா, சமயச் சட்டத்தைக் கைக்கொண்டு அவன் சேர்க்கும் தகுதியாலா என்ற வினா, கிறித்தவ இறையியல் வரலாற்றில் பெரும்பாலும் ஐரோப்பியரின் வழக்காகவே எழுதப்பட்டிருக்கிறது. அகுஸ்தீனும் பெலாகியுசும், லூத்தரும் ரோமும் எதிரெதிரே நின்ற கதையாக அது தமிழ்ப் பாடநூல்களிலும் இடம்பெறுகிறது. இந்திய மண்ணுக்கு அந்தக் கதையில் கிடைப்பது, முடிந்துபோன தீர்ப்பைக் கப்பல் வழியே பெற்றுக்கொண்ட இடம் மட்டுமே. ஆயினும் இன்றைய கொச்சி மாநகரின் தென்பகுதியான பள்ளுருத்தியையும், அதற்கு வடக்கே சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் மட்டாஞ்சேரியையும் கோட்டைப் பகுதியையும் ஒரே நிலப்பரப்பாக வைத்துப் பார்த்தால், அவ்வழக்கின் தரப்பினர் அனைவரும் இங்கே பல நூற்றாண்டுகள் அக்கம்பக்கமாக வாழ்ந்திருப்பது தெரியவரும். தோராவைக் கைக்கொண்ட யூதர்கள், தோமாவின் மார்க்கம் எனத் தம் வாழ்முறையைச் சொல்லிக்கொண்ட சுரியானிக் கிறித்தவர்கள், திரிதெந்து சங்கத்தின் ஆணைகளைக் கொண்டுவந்த போர்ச்சுகீசியர், கால்வினின் வழிவந்த ஒல்லாந்தர் ஆகியோர் விட்டுச்சென்ற கட்டடங்களும் ஆவணங்களும் இப்பகுதியில் இன்றும் உள்ளன. இவர்களிடையே சட்டம் என்பது வானுலகில் எழுதப்படும் புண்ணியக் கணக்காக விளங்கியதைவிட, யாரோடு உண்ணலாம், யாரைத் தொடலாம், வழிபாட்டில் யார் எங்கே அமரலாம் என்பவற்றை வகுத்த ஒழுங்காகவே மிகுதியும் விளங்கியது. கிருபை பற்றிய விவாதம் பிறந்த இடமும் அப்படிப்பட்ட ஒரு பந்திதான் என்பதால், இந்தக் கரையின் வரலாறு அந்த வினாவைப் புரிந்துகொள்ள ஐரோப்பிய வரலாற்றினும் குறைந்த சான்று ஆகாது.

கலாத்தியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் விவரிக்கும் அந்தியோக்கியா நிகழ்ச்சியே இவ்விவாதத்தின் தொடக்கம். யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து யாக்கோபின் சார்பில் சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். அவரைப் பின்பற்றிப் பர்னபாவும் விலகினார். பவுல் அனைவர் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார். மனிதன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் நீதிமானாக்கப்படுவதில்லை, இயேசு கிறிஸ்துவைப் பற்றும் விசுவாசத்தாலேயே நீதிமானாக்கப்படுகிறான் என்னும் கோட்பாட்டை அவர் அந்தக் கண்டனத்தின் தொடர்ச்சியாகவே முன்வைக்கிறார். நியாயப்பிரமாணம் என்பது மோசேயின் வழியாக இஸ்ரவேலருக்குக் கொடுக்கப்பட்ட சட்டத் தொகுதி. நீதிமானாக்கப்படுதல் என்பது கடவுளின் தீர்ப்பில் ஒருவன் அவரோடு சரியான உறவில் இருப்பவனாக ஏற்கப்படுவது. விருத்தசேதனம், உணவு விலக்கு, ஓய்வுநாள் ஆகியவை சட்டத்தின் எண்ணற்ற கட்டளைகளுள் இந்த இடத்தில் முன்னுக்கு வருவதற்குக் காரணம், அவையே யூதனைப் புறவினத்தானிடமிருந்து வெளிப்படையாகப் பிரித்துக் காட்டின என்பதாகும்.

மேற்குத் திருச்சபையில் இந்தக் கோட்பாடு பந்தியைவிட்டு மனச்சான்றின் உள்ளறைக்கு நகர்ந்தது. மனித சித்தம் தன் முயற்சியால் நன்மையைத் தேர்ந்துகொள்ள வல்லது என்று பெலாகியுஸ் கூறியதை மறுத்த அகுஸ்தீன், நன்மையை விரும்புவதற்கான விருப்பத்தையே கிருபைதான் தரவேண்டும் என்றார். 418-இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாகியுசின் போதனையைக் கண்டித்தது. பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர், தன்னால் ஒருபோதும் நிறைவேற்ற முடியாத கட்டளையின் முன் நடுங்கும் தனிமனிதனுக்குக் கிடைக்கும் விடுதலையாகப் பவுலை வாசித்தார். அதற்கு ரோம் அளித்த விடையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் வேரூன்றியிருக்கிறது: கத்தோலிக்கம் நற்செயலால் மீட்பை விலைக்கு வாங்கச் சொல்கிறது என்பதே அது. 1547 ஜனவரி 13 அன்று திரிதெந்து சங்கம் நிறைவேற்றிய ஆணையின் முதல் விதியே, கிருபையின்றித் தன் செயல்களால் ஒருவன் நீதிமானாகலாம் எனக் கூறுவோரைச் சபிக்கிறது. கிருபை முந்துகிறது என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை. அந்தக் கிருபையோடு மனித சித்தம் ஒத்துழைக்கிறதா, கிருபையால் விளையும் நற்செயலுக்குப் பலன் உண்டா, விசுவாசம் அன்பின்றித் தனித்து நின்று மீட்குமா என்பவற்றிலேதான் அவர்கள் பிரிந்தார்கள். ரோமர் நிருபத்தின் மொழிபெயர்ப்பில் லூத்தர் ‘மட்டும்’ என்னும் சொல்லைச் சேர்த்ததும், விசுவாசத்தால் மட்டுமன்று என எழுதிய யாக்கோபின் நிருபத்தை அவர் தாழ்வாக மதித்ததும் இந்தப் பிரிவைச் சார்ந்தவை.

இருபதாம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் விவாதத்தை மீண்டும் பந்திக்கு இழுத்துவந்தார்கள். 1963-இல் கிரிஸ்டர் ஸ்டெண்டால், குற்றவுணர்வால் துடிக்கும் மேற்கத்திய மனச்சான்றைப் பவுலின் மீது ஏற்றக் கூடாது என்றார். 1977-இல் வெளிவந்த நூலில் இ. பி. சாண்டர்ஸ், பவுல் காலத்து யூத சமயம் புண்ணியக் கணக்கால் மீட்பைச் சம்பாதிக்கும் சமயமாக இருந்ததேயில்லை, கடவுள் தம் இரக்கத்தால் இஸ்ரவேலரைத் தேர்ந்துகொண்டு உடன்படிக்கை செய்தபின், அதற்குள் நிலைத்திருப்பதற்கான நன்றியுள்ள வாழ்வாகவே சட்டம் கருதப்பட்டது என்று விரிவான சான்றுகளோடு காட்டினார். அவரைத் தொடர்ந்து ஜேம்ஸ் டன், பவுல் எதிர்த்த கிரியைகள் முதன்மையாக இன எல்லையைக் காக்கும் அடையாளங்களே என்றார். இந்தப் புதிய வாசிப்பு பழையதை முற்றிலும் நீக்கிவிடவில்லை. ரோமர் நான்காம் அதிகாரத்தில் கூலியையும் கொடையையும் பவுல் எதிரெதிரே வைக்கும்போது அவர் இன அடையாளத்தை மட்டுமே பேசுகிறார் என்பது பொருந்தாது. இரண்டையும் இணைக்கும் வழியை 2015-இல் ஜான் பார்க்லே காட்டினார். பண்டைய உலகில் நல்ல கொடை என்பது தகுதியறிந்து கொடுக்கப்படுவது. பவுலின் கிருபையோ பெறுபவரின் பிறப்பு, தூய்மை, ஒழுக்கம் ஆகிய எந்தத் தகுதியையும் பாராமல் கொடுக்கப்படுவது. ஆகவே தகுதியை அளக்கும் மனிதரின் அளவுகோல்கள் அனைத்தும் அதன் முன் செல்லாமற்போகின்றன என்பது அவருடைய வாதம். சாதி என்னும் அளவுகோலோடு வாழும் சமுதாயத்திற்கு இதைவிடக் கூர்மையான விளக்கம் வேண்டியதில்லை.

மட்டாஞ்சேரி யூதர்களின் வரலாறு சாண்டர்ஸின் கருத்தை ஒரு புறம் உறுதிப்படுத்தி, மறுபுறம் அதற்குச் சிக்கலையும் சேர்க்கிறது. 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தைச் சேர்ந்தவர்கள், தங்களிடம் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற யூதர்களின் வழித்தோன்றல்களை வழிபாட்டில் சமமாக அமர விடவில்லை. தோராவை வாசிக்கவும் வழிபாட்டுக்கு வேண்டிய பத்துப் பேரில் ஒருவராக எண்ணப்படவும் அவர்களுக்கு உரிமை மறுக்கப்பட்டது. இதே கொச்சியிலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் சென்ற ஒரு வினாவுக்கு, எகிப்தில் வாழ்ந்த புகழ்பெற்ற சட்ட அறிஞர் ரப்பி தாவீத் பென் சிம்ரா, முறைப்படி நீராட்டுச் சடங்கை நிறைவேற்றியவர்களை யூத சமுதாயத்திற்குள் முழுமையாக ஏற்கவேண்டும் என்றே தீர்ப்பு எழுதியிருந்தார். ஆகவே சட்டம் சேர்க்கச் சொன்னது. வழக்கம் விலக்கி வைத்தது. விடுதலை பெற்றோர் வழியில் பிறந்த ஆபிரகாம் பராக் சேலம் என்னும் வழக்கறிஞர், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காந்திய வழியில் அறப்போராட்டம் நடத்திய பின்னரே அந்த வேலி சிறிது சிறிதாகத் தளர்ந்தது. சட்டமே பிரிவினையின் வேர் என்றும் கிருபையின் மொழி பேசுவோர் அதிலிருந்து தாமாகவே விடுபட்டவர்கள் என்றும் கிறித்தவப் பிரசங்கங்கள் எளிதாகச் சொல்லிவிடுவதுண்டு. அதற்கு மட்டாஞ்சேரி சான்று தரவில்லை.

சுரியானிக் கிறித்தவர்களின் நிலை வேறு வகையானது. கிழக்குச் சுரியானி மரபு பாரசீகத் திருச்சபையோடு இணைந்திருந்ததால், அகுஸ்தீன் – பெலாகியுஸ் வழக்கு அதன் சிந்தனையை உருவாக்கவில்லை. நீண்ட நோன்புகள், வழிபாடு, இறந்தோருக்கான சடங்குகள், குடும்ப வழக்கங்கள் ஆகியவை சேர்ந்த ஒரே வாழ்முறையை அவர்கள் மார்க்கம் என்றார்கள். 1599 ஜூன் மாதம் கோவாப் பேராயர் அலெய்க்சோ தெ மெனேசெஸ், கொச்சிக்குத் தென்கிழக்கேயுள்ள உதயம்பேரூரில் கூட்டிய சங்கத்தில் 153 கத்தனார்களும், அதாவது சுரியானிக் குருக்களும், 660 பொதுநிலைப் பிரதிநிதிகளும் கலந்துகொண்டதாகச் சொல்லப்படுகிறது. தோமாவின் சட்டம் ஒன்று, பேதுருவின் சட்டம் வேறொன்று, இரண்டும் தத்தமக்கு உரியவை என்ற கருத்தை அந்தச் சங்கம் தவறெனக் கண்டித்தது. இவ்விடத்தில் சட்டம் என்பது மீட்பைச் சம்பாதிக்கும் வழியைக் குறிக்கவில்லை. எந்த அப்போஸ்தலரின் வழியில் ஒரு சமூகம் கிறித்தவமாக இருக்கிறது என்பதையே குறித்தது.

அதே சங்கத்தின் மற்றோர் ஆணை இன்னும் உற்றுநோக்கத்தக்கது. தாழ்த்தப்பட்ட சாதியாரைத் தொட்டுவிட்டால் குளித்துத் தூய்மை பெறவேண்டும் என்ற வழக்கத்தைச் சங்கம் புறச்சமய மூடநம்பிக்கை எனத் தெளிவாகவே கண்டித்தது. அத்தோடு நின்றிருந்தால் அந்தியோக்கியாவில் பவுல் பேசியதை மலபாரில் மெனேசெஸ் மீண்டும் பேசினார் என்று எழுதலாம். ஆனால் கிறித்தவர்கள் இந்து மன்னர்களின் ஆட்சியில் வாழ்வதையும், தீண்டலைப் பொருட்படுத்தாதவர்களோடு நாயர்கள் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதையும் கருதி, நாயர்கள் காணும் இடங்களில் ஒதுங்கிப்போவதை அது பொறுத்துக்கொண்டது. தாழ்த்தப்பட்டோர் மனம் திரும்பினால் அவர்களுக்குத் தனிக் கோயில் கட்டவும் வழிசெய்தது. யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பேதுரு எழுந்துபோனதற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை மேலோட்டமானது அன்று. பார்ப்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பந்தி மாறுவதே இரண்டிலும் நடந்தது. பார்ப்பவரைப் பற்றிய அச்சமே இரண்டிலும் காரணம். சங்கம் சுரியானி நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் காட்டிய உறுதியில் ஒரு சிறு பங்கை இங்கே காட்டியிருந்தால் கேரளக் கிறித்தவத்தின் வரலாறே வேறு திசையில் சென்றிருக்கும்.

போர்ச்சுகீசிய அதிகாரத்திற்கு எதிரான சுரியானிக் கிறித்தவர்களின் சினம் 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் வெடித்தது. சிலுவையில் கட்டிய கயிறுகளைப் பற்றிக்கொண்டு மக்கள் செய்த ஆணை, சிலுவை சாய்ந்ததாகச் சொல்லப்படும் மரபால் கூனன் குரிசு சத்தியம் எனப் பெயர் பெற்றது; அதே ஆண்டு மே மாதம் ஆலங்காட்டில் பன்னிரு குருக்கள் கைகளை வைத்து அர்ச்சதியாக்கோன் தோமாவை ஆயராக்கினர். பத்தாண்டு கழித்து 1663-இல் ஒல்லாந்தர் கொச்சிக் கோட்டையைப் பிடித்து, புனித பிரான்சிஸ் ஆலயத்தைத் தம் சீர்திருத்தச் சபைக்கு ஆக்கிக்கொண்டனர். கிருபை மட்டுமே என்ற கோட்பாடு அதிகாரபூர்வமாக இப்பகுதிக்கு வந்தது அப்போதுதான். ஆனால் அது மிளகு வணிகக் கும்பினி ஒன்றின் கோட்டைச் சமயமாகவே நின்றுவிட்டது. சுற்றியிருந்த மக்களிடையே அதன் தடம் மிகக் குறைவு.

அந்த மக்கள் எத்தகைய சட்டத்தின்கீழ் வாழ்ந்தார்கள் என்பதைப் பள்ளுருத்தியிலேயே காணலாம். இங்குள்ள அழகியகாவு பகவதி கோயிலை ஒட்டித் தனு மாதத்தின் கடைசி வியாழக்கிழமையன்று கூடும் சந்தைக்குப் புலவாணிபம் என்று பெயர். ஆண்டு முழுவதும் கோயில் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த புலையர்கள் அந்த ஒரு நாளில் மட்டும் உள்ளே வந்து வழிபட அரசனால் அனுமதிக்கப்பட்டார்கள் என்பதும், அவர்கள் கொண்டுவந்த பாய், கூடை முதலியவற்றின் விற்பனையே சந்தையாக வளர்ந்தது என்பதும் மரபுச் செய்தி. பாய் முடைந்த கையைப் பகவதியிடமிருந்து விலக்கி வைத்த சட்டம், அந்தக் கை முடைந்த பாயை வாங்குவதற்குத் தடை சொல்லவில்லை. இதே பள்ளுருத்தியில் ஸ்ரீ நாராயண குரு பவானீசுவர ஆலயத்தைப் பிரதிட்டை செய்தது அந்தச் சட்டத்திற்கு எதிரான விடை. திருவிதாங்கூர் 1936-இல் ஆலயப் பிரவேசத்தை அறிவித்த பின்பும் கொச்சி அரசு பத்தாண்டுக்கு மேல் தயங்கி நின்றது. கிறித்தவத்தைத் தழுவியவர்கள் இந்த ஒழுங்கை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரவில்லை. கொச்சிக் கரையோர இலத்தீன் கத்தோலிக்கரிடையே அஞ்ஞூற்றிக்காரர், எழுநூற்றிக்காரர் என்ற பிரிவுகள் நிலைத்தது அதன் ஒரு விளைவு.

தமிழ்நாட்டில் விவாதம் நூல்வடிவம் பெற்றது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். விசுவாசத்தால் மட்டுமே நீதி என்ற லூத்தரின் போதனை அதன்வழியே தமிழில் வேர்கொண்டது. அதை எதிர்த்து வீரமாமுனிவர் 1728-இல் வேத விளக்கத்தையும், பின்னர் லுத்தேரினத்தியல்பு முதலிய நூல்களையும் எழுதினார். லூத்தரின் விட்டன்பர்க்குக்கும் ரோமுக்கும் இடையிலான வழக்கு தமிழ் உரைநடையின் தொடக்கக் காலத்திலேயே தமிழில் வாதிடப்பட்டது என்பதும், எதிரியை மறுக்கும் தருக்க உரைநடைக்கு அது நல்ல பயிற்சிக் களமாயிற்று என்பதும் இலக்கிய வரலாற்றில் போதிய அளவு பேசப்படவில்லை. ஆனால் வாதத்தின் பொருளைவிட ஆலயங்களின் இருக்கை ஏற்பாடு அதிகம் சொல்கிறது. விசுவாசம் மட்டுமே போதும் என்று போதிக்கப்பட்ட தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயத்திலும் வெவ்வேறு சாதியார் தனித்தனியே அமர்ந்தனர். 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமை சபைகளிலிருந்து உடனே நீங்கவேண்டும் என ஆணையிட்டபோது தஞ்சையிலும் சென்னையிலும் பலர் சபையைவிட்டே விலகினர். கிருபையைப் பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்கூட, அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, சாதி வழக்கம் உலக ஒழுக்கம் சார்ந்தது, விசுவாசத்திற்கு ஊறு அன்று என மிஷனரிகளுக்கு எதிராக எழுதினார். அவருடைய பக்தி உண்மையானது என்பதில் ஐயமில்லை. மீட்பை ஆன்மாவுக்குள் மட்டுமே நிகழ்வதாகக் கொள்ளும் கிருபைக் கோட்பாடு இருக்கையைத் தொடாமலேயே இருந்துவிட முடியும் என்பதற்கு அவரைவிட நேர்மையான சான்று கிடைக்காது.

அருளா முயற்சியா என்ற வினா தமிழ் வைணவத்திலும் தனக்கே உரிய வழியில் வளர்ந்திருந்தது. குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்கின் முறையையும், தாயே குட்டியைக் கவ்வித் தூக்கும் பூனையின் முறையையும் முறையே வடகலைக்கும் தென்கலைக்கும் அடையாளமாகச் சொல்வது வழக்கம். இந்த ஒப்புமையை ருடால்ப் ஓட்டோ 1930-இல் வெளியிட்ட நூலில் ஐரோப்பிய இறையியலாளருக்கு அறிமுகப்படுத்தினார். நெல்லை வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, ஆங்கில எழுத்தாளர் பனியனின் பயண நூலைத் தழுவி 1894-இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம் இந்தப் பின்னணியில் படிக்கத்தக்கது. பனியனின் நூலில் பாவச் சுமையோடு நடக்கும் பயணி, சட்ட ஒழுக்கத்தால் சுமை இறங்கும் என்ற ஆலோசனையை நம்பிச் சீனாய் மலையின் அடியில் தவிக்கிறான். சிலுவையின் முன்புதான் சுமை விழுகிறது. சரணாகதி மரபில் வளர்ந்த கவிஞருக்கு இந்தக் கட்டம் அந்நியமாக இருந்திருக்காது. கம்பனின் நடையில் அதைச் சொல்லவும் அவரால் முடிந்தது. பவுலுக்கும் லூத்தருக்கும் இடையில் நிகழ்ந்த இடமாற்றம், அதாவது பந்தியிலிருந்து உள்ளத்துக்கு நகர்ந்தது, இங்கே தமிழ்ப் பேரிலக்கியமாகவே நிறைவெய்தியது.

கேரளத்தில் அதே இடமாற்றம் சபைச் சீர்திருத்தமாக நடந்தது. மிஷனரிகளின் தொடர்பால் தூண்டப்பட்ட மாராமண் ஆபிரகாம் மல்பான் 1836-இல், இறந்தோருக்கான மன்றாட்டையும் புனிதர்களை நோக்கிய வேண்டுதலையும் நீக்கி வழிபாட்டைத் திருத்தினார். இறந்தவரின் பெயரால் உயிரோடிருப்பவர் செய்யும் சடங்கு மீட்புக்கு உதவாது என்பது அதன் அடிக்கருத்து. அவர் வழிவந்த மார்த்தோமா சபை அரை நூற்றாண்டுக்குப் பின் தாழ்த்தப்பட்டோரிடையே ஊழியம் செய்ய முன்வந்தது. இரவிப்பேரூரில் 1879-இல் பிறந்த பொய்கையில் யோகன்னான் அந்தச் சபையில் சேர்ந்து ஆற்றல் மிக்க பிரசங்கியாக விளங்கினார். சாதி வேற்றுமை அங்கும் தொடர்வதைக் கண்டு வெளியேறினார். பிரதரன் சபைக்குச் சென்று அங்கும் அதையே கண்டார். பின்னர் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபை என்ற தனி இயக்கத்தை நிறுவினார். பிரத்யட்சமான இரட்சிப்பு என்றால் கண்முன் காணக்கூடிய மீட்பு. அடிமைகளாக விற்கப்பட்ட தம் முன்னோரைப் பற்றி வேதப் புத்தகத்தில் எதுவும் இல்லை என்று அவர் எழுப்பிய குறை, கிருபைக் கோட்பாட்டின் மீது இந்திய மண்ணில் வைக்கப்பட்ட விமரிசனங்களுள் மிக ஆழமானது. கிருபை தகுதி பாராதது என்று போதித்தவர்கள் தகுதி பார்த்தே அமரவைத்தார்கள் என்பதுதான் அவர் கண்ட முரண்பாடு. விசுவாசத்தைப் பற்றிய எந்த விளக்கமும் அதை மறைக்கப் போதுமானதாக இல்லை.

கோட்பாட்டளவில் பழைய வழக்கு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டு, கிருபையால் மட்டுமே மனிதன் ஏற்கப்படுகிறான் எனவும், நற்செயல்கள் அந்த ஏற்பின் கனிகளாகப் பின்தொடர்கின்றன எனவும் ஒருமித்து அறிவித்தன. 2006-இல் மெதடிஸ்டுகளும் 2017-இல் சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பும் அதனோடு இணைந்தனர். ஒரு காலத்தில் ஐரோப்பாவையே பிளந்த வினா இத்தனை அமைதியாக முடிந்தது வியப்புக்குரியது. ஆனால் கையெழுத்திட்ட சபைகளே இன்னும் ஒரே நற்கருணைப் பந்தியில் பொதுவாகப் பங்கு பெறுவதில்லை. கொச்சியிலும் ஒரே தோமாவின் பெயரைச் சொல்லும் சுரியானிச் சபைகள் பல ஆயர்களின்கீழ்த் தனித்தனிப் பந்தியில் அமர்கின்றன. தமிழ்நாட்டிலோ பிரிவு பந்தியோடு நிற்கவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களின் புதைகுழிகளைப் பிரிக்க எழுப்பப்பட்ட சுவரை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராட்டம் நடந்திருக்கிறது. இருபுறத்தாருக்கும் ஒரே அடக்கச் செபம் சொல்லப்பட்ட தோட்டம் அது. பேதுரு எந்தப் பந்தியிலிருந்து எழுந்தார் என்ற கேள்வியை விட்டுவிட்டு, நற்செயலுக்குப் பலன் உண்டா என்பதை மட்டும் தேர்ந்துகொண்டு ஐந்நூறு ஆண்டுகள் வாதிட்டதன் விலையை அந்தச் சுவருக்கு அப்பால் புதைக்கப்பட்டவர்களே செலுத்தியிருக்கிறார்கள்.